மஞ்சள் வந்த கடல்வழி

கற்பிட்டிக் கடலில் மஞ்சள் மூட்டைகள் பிடிபட்ட நாட்களை இந்தக் கரை மறந்திருக்காது. 2019 டிசம்பரில் இலங்கை அரசு மஞ்சள் இறக்குமதியைத் தடைசெய்தது. உள்ளூர் விவசாயியைக் காப்பாற்றும் எண்ணத்தில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நம் விளைச்சல் நாட்டின் தேவைக்குக் கிட்டவும் வரவில்லை. கொரோனாவும் சேர்ந்துகொள்ள, சில நூறு ரூபாய்க்கு விற்ற கிலோ மஞ்சள் ஆயிரங்களைத் தொட்டது. அக்கரையான இந்தியாவிலோ அது மலிவாகவே கிடைத்தது. பீடி இலை வந்த அதே கடல்வழியில் மஞ்சளும் வந்தது. கடற்படை பிடிக்கப் பிடிக்க அடுத்த படகு புறப்பட்டது.

பிடிப்பது மட்டும் போதாதென்றால் வேறென்ன வழி? குற்றவாளியின் மனத்தை ஆராய்வதோடு நின்றுவிடாமல், குற்றத்துக்கு இடம்கொடுக்கும் சூழலை மாற்றுங்கள் என்றார் குற்றவியலாளர் ரொனால்ட் கிளார்க். உதாரணமாக, 1980இல் மேற்கு ஜெர்மனியில், தலைக்கவசம் அணியாத மோட்டார் சைக்கிள்காரருக்கு அந்த இடத்திலேயே தண்டம் விதிக்கத் தொடங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மோட்டார் சைக்கிள் திருட்டு ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. தலைக்கவசமில்லாமல் திருடிச் செல்பவன் வீதியிலேயே மாட்டிக்கொள்வான் அல்லவா!

நம் கரையின் சூழல் என்ன? கற்பிட்டி ஒரு குடாநாடு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. கரைசேரும் மூட்டை பாலாவிக்குப் போகும் பிரதான வீதியால் வெளியேற வேண்டும். இல்லையேல் களப்பைக் கடக்க வேண்டும். அப்படியானால் வீதியில் சோதனைச் சாவடி போதுமே என்று தோன்றும். எனக்கு அதில் தயக்கம் உண்டு. நுரைச்சோலை மரக்கறி லொறியும் மீன் லொறியும் மணிக்கணக்கில் காத்துக்கிடந்தால், நட்டப்படுவது கடத்தலுக்குச் சம்பந்தமேயில்லாத குடும்பங்கள்.

அதைவிட, இரவில் எந்தப் படகு போகிறது, எது மீனில்லாமல் திரும்புகிறது என்பதை அறிந்த மீனவர் சங்கங்களின் நம்பிக்கையைப் பெறலாம். தகவல் தந்தவரையே சந்தேகிக்கும் பழக்கம் போனால்தான் அது நடக்கும். ஆனாலும் இரு கரைக்கும் இடையிலான விலை வித்தியாசம் இருக்கும்வரை, ஓர் இரவுக் கூலிக்குப் படகோட்ட யாராவது கிடைப்பார்கள். மீன்பாடு இல்லாத மாதத்தில் அந்தக் கூலி பெரிய தொகை.

அடுத்த முறை இறக்குமதித் தடையோ கடும் வரியோ வர்த்தமானியில் வருமுன், அந்தப் பொருள் அக்கரையில் என்ன விலை, இங்கே எவ்வளவு ஏறும் என்று சுங்கத்தையும் கடற்படையையும் கேட்க வேண்டும். தடை தேவையென்றால், உள்ளூர் விளைச்சல் பெருகும் அளவுக்கு இறக்குமதியைப் படிப்படியாகக் குறைக்கட்டும்.