காக்கும் கையும் கண்ணில்லாக் கருவியும்



சாரல் காலம் வந்துவிட்டது. ஆரியங்காவுக் கணவாய் வழியே இறங்கும் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டையையும் தென்காசியையும் குளிர்விக்கிறது. குற்றாலத்தில் அருவிகள் முழங்குகின்றன. கார் நெல்லுக்கு வயல்கள் ஆயத்தமாகின்றன. பள்ளி விட்டதும் பிள்ளைகளின் கால்கள் தோப்பையும் குளக்கரையையும் நாடுகின்றன. இக்காலத்தில் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரு சிறு கைத்தொழில் ஓசையின்றி நடைபெறுவதைக் காணலாம். கொய்யாக் கிளையில் நல்ல கவடாகப் பார்த்து வெட்டி, பழைய சைக்கிள் டியூபைக் கீறி வார் எடுத்து, கிழிந்த செருப்பின் தோலைத் துளையிட்டுக் கோத்து, பையன்கள் உண்டிவில் செய்கின்றனர். தோட்டங்களிலே தகப்பன்மார், பன்றியையும் மயிலையும் கிளியையும் விரட்டுவதற்குக் கைக்கு எட்டிய பொருள்களைக் கொண்டு ஏதேனும் செய்துகொண்டிருக்கின்றனர். வேட்டைக்கும் காவலுக்கும் வெளியிற் செல்வதற்கும் வேண்டிய கருவிகளை வீட்டிலேயே செய்துகொள்ளும் இப்பழக்கத்தைப் பற்றியே இத்திங்கள் உங்களோடு சிந்திக்க விழைகிறேன்.

முன்னோரின் கைத்திறன்

முதற்கண் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தம் கையால் தமக்கு வேண்டியதைச் செய்துகொள்வது நல்ல பழக்கம். கடையில் வாங்கிய பொருளுக்கு விலை தெரியும். தானே செய்த பொருளுக்கு அருமை தெரியும். நம் வட்டாரப் பங்குகள் பலவற்றின் முன்னோர் பனையேறிகள். அவர்கள் இடையில் கட்டிய அரிவாள் பெட்டி, காலில் பூட்டிய தளைநார், பதநீர் சுமந்த சுரைக்குடுக்கை ஆகிய யாவும் வீட்டுத் திண்ணையிலே உருவானவை. பனையே ஏறுவதற்குரிய கருவிக்கும் பொருள் தந்தது. இந்த மலைத்தொடரில் தேன் எடுக்கும் பளியர்கள், காட்டுக் கொடிகளையே கயிறாகக் கொண்டு பாறையில் இறங்கிப் பழகியவர்கள்.

பயிர் காக்கும் கருவிகளுக்கும் நம்மிடம் நீண்ட மரபு உண்டு. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில், தினைப்புனத்துப் பரண்மீது அமர்ந்த பெண்கள் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளை இயக்கிக் கிளிகளை ஓட்டுகின்றனர். அவற்றுள் தட்டை என்பது மூங்கிலைப் பிளந்து செய்தது. அசைத்தால் படபடவென ஒலிக்கும். ஓசையைக் கேட்டுக் கிளி பறந்துவிடும். தினையும் பிழைக்கும், கிளியும் பிழைக்கும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்த ஏற்பாட்டில் எவ்வளவு நாகரிகம் அடங்கியிருக்கிறது!

குற்றாலத்துக்கே உரிய மற்றொரு நூலையும் நினைவுகூரலாம். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியில், சிங்கன் என்னும் பறவை வேட்டுவன் தன் தோழன் நூவனோடு வயல்களில் கண்ணி வைக்க வருகிறான். அங்கே வந்து இறங்கும் பறவைகளின் பெயர்களை அவன் அடுக்கிக்கொண்டே போகிறான். பிடிப்பதற்காக வந்தவன்தான், ஆயினும் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அறிந்திருந்தான். இன்று உண்டிவில் ஏந்தி நிற்கும் நம் பையனைக் கேட்டுப் பாருங்கள்: பத்துப் பறவைகளின் பெயர் அவனுக்குத் தெரியுமா? பெயரும் அறியாத உயிரைக் கல்லால் அடிப்பதற்குத் திறமை என்று பெயர் சூட்டலாமா?

சட்டம் சொல்வது என்ன?

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டில் வேட்டையைத் தடை செய்தது. வேட்டை என்றால் துப்பாக்கியால் சுடுவது மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். அச்சட்டத்தின்படி பொறி வைப்பதும், கண்ணி கட்டுவதும், இரை வைத்து ஈர்ப்பதும், காயப்படுத்துவதும் வேட்டையே. காட்டுப் பறவையின் முட்டையைச் சிதைப்பதும் கூட்டைக் கலைப்பதும் அதில் அடங்கும். நமக்கு மேற்கே நிற்கும் காடுகளின் ஒரு பெரும்பகுதி, 2015ஆம் ஆண்டில் நெல்லை வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தெற்கே களக்காடு முண்டந்துறை, 1988 முதல் புலிகள் காப்பகமாக விளங்குகிறது. ஆகவே நம் வயலின் மேற்கு வரப்பு, பல இடங்களில் காட்டின் கிழக்கு வரப்பும் ஆகும்.

இச்சட்டத்தின் சுமையை முதலில் தோளில் தாங்கியவர்கள் ஏழைகளே என்பதையும் மறத்தல் ஆகாது. குற்றாலத்தில் சாரல் காலத்தில் மணிமாலை விற்கும் நரிக்குறவர் சமூகத்தாரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களுடைய முன்னோர் வேட்டையால் உயிர்வாழ்ந்தவர்கள். வலையும் கண்ணியும் பையும் தாமே செய்தவர்கள். வேட்டை குற்றமானபோது அவர்களுடைய அடுப்பு அணையும் நிலை வந்தது. கண்ணி முடிந்த அதே விரல்கள் கம்பி வளைத்து மணி கோப்பதையே பிழைப்பாகக் கொண்டன. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022ஆம் ஆண்டு டிசம்பரில்தான். பசிக்காக வேட்டையாடிய ஒரு சமூகம் அதைக் கைவிட்டு நிற்க, வயிறு நிறைந்த நம் பிள்ளைகள் பொழுதுபோக்குக்காக அணிலை அடிப்பது என்ன நியாயம்? அடுத்த முறை அவர்களிடம் ஒரு மாலை வாங்கும்போது, விலையைக் குறைத்துப் பேசுமுன் இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

கண்ணில்லாக் கருவி

உண்டிவில்லினும் பன்மடங்கு கொடிய பொருள் ஒன்று மலையடிவாரத் தோட்டங்களில் மறைவாகச் செய்யப்படுகிறது. அவுட்டுக்காய் என்று அதனைச் சொல்கின்றனர். பன்றி தின்னும் இரைக்குள் வெடிமருந்தை மறைத்து வரப்பிலே இட்டுவிடுவது. கடித்தவுடன் அது வாயிலேயே வெடிக்கும். இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை, வண்டியின் பிரேக் கம்பியில் முடியும் சுருக்கும், வேலிக் கம்பியில் திருட்டுத்தனமாகப் பாய்ச்சும் மின்சாரமும்.

2020ஆம் ஆண்டு மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் நிகழ்ந்ததை நாடே அறியும். வெடிமருந்து வைத்த காயைக் கடித்த ஒரு பெண்யானையின் வாய் சிதைந்தது. உண்ண இயலாத அவ்விலங்கு வெள்ளியாற்றில் இறங்கி, நீரிலேயே நின்று, மே 27ஆம் நாள் உயிர் நீத்தது. அதன் வயிற்றில் கன்று இருந்தது பின்னரே தெரிந்தது. அந்த வெடியை வைத்தவன் யானையைக் கொல்ல எண்ணியிருக்கமாட்டான். அது பன்றிக்காக வைத்ததாகவே கூறப்பட்டது. ஆனால் வெடிக்குக் கண் உண்டா? பன்றி எது, யானை எது, மேயப்போன பசு எது, விறகு பொறுக்க வந்த பெண் யார் என்று அது அறியுமா?

இங்கேதான் வீட்டுக் கருவிகளுக்குள் ஒரு பெரும் வேறுபாடு காண்கிறோம். தட்டையும் கவணும் மனிதனுடைய கையில் இருந்து வேலை செய்கின்றன; கை ஓய்ந்தால் அவையும் ஓயும். அவுட்டுக்காயும் சுருக்கும் மின்வேலியுமோ, செய்தவன் வீட்டில் உறங்கும்போது இருளில் தாமாகவே வேலை செய்கின்றன. கண்ணை வீட்டில் வைத்துவிட்டுக் கையை மட்டும் தோட்டத்துக்கு அனுப்புவது போன்றது அது. பிறகு நிகழ்வதற்கு 'நான் அங்கே இல்லையே' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கை செய்ததற்கு உள்ளம் பொறுப்பு.

இதனை ஒரு கூட்டத்தில் நான் சொன்னபோது தோட்டக்காரர் ஒருவர் எழுந்தார். "சாமி, ஒரே ராத்திரியிலே கடலைக்காட்டை உழுது போட்டுட்டுப் போயிடுச்சு. சங்கத்துக் கடனை யார் அடைக்கிறது? பன்றிக்காகப் பரிஞ்சு பேசுறீங்க, எங்களுக்காக யார் பேசுறது?" என்றார். அவர் கேட்டது நேர்மையான கேள்வி. உழவனின் இழப்பைப் பொருட்படுத்தாமல் விலங்குக்கு மட்டும் இரங்குவது அரைகுறை அறமே. தமிழ்நாடு அரசும் இதனை உணர்ந்து, 2025 ஜனவரியில் ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுடலாகாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும் சுடலாம், அதுவும் வனத்துறையின் பயிற்சி பெற்ற பணியாளரே. பயிரிழப்புக்கு வனத்துறையிடம் இழப்பீடு கோரும் வழியும் உண்டு. தனியொருவன் இரவில் வெடி வைப்பதைவிட, ஓர் அன்பியத்தார் ஒன்றுகூடிப் பகலில் மனு எழுதிக் கொடுப்பது வலிமையுள்ளது. எழுதத் தெரிந்த நம் இளைஞர்கள் எழுதத் தெரியாத உழவருக்கு இந்த உதவியைச் செய்தால், அது செபத்துக்கு நிகரான தொண்டாகும்.

தாவீதின் கவண்

விவிலியத்தில் வீட்டுக் கருவியால் புகழ் பெற்றவர் தாவீது. சாமுவேல் முதல் நூலின் 17ஆம் அதிகாரத்தைக் குடும்பமாக அமர்ந்து வாசியுங்கள். சவுல் அரசர் தம் கவசத்தையும் வாளையும் அணிவித்தபோது, பழக்கமில்லை என்று இளைஞர் கழற்றி வைத்துவிடுகிறார். ஓடையிலிருந்து வழவழப்பான ஐந்து கற்களைத் தேர்ந்து ஆயருக்குரிய பையில் இட்டு, கையில் கோலும் கவணுமாகச் செல்கிறார். கோலியாத்தை வீழ்த்தியதையே நாம் பெரிதாகப் பேசுகிறோம். அதற்கு முன் அவர் அரசரிடம் சொன்னதைக் கவனிப்பதில்லை. சிங்கமோ கரடியோ மந்தையில் புகுந்து ஆட்டைக் கவ்விச் சென்றால், தாமே பின்தொடர்ந்து ஓடி, அதன் வாயிலிருந்து ஆட்டை மீட்டதாக அவர் கூறுகிறார். ஆயனுடைய படைக்கலம் மந்தையைக் காப்பதற்கே. அவர் பொறி வைத்துவிட்டு உறங்கவில்லை. தாமே அங்கு நின்றார்.

மனிதனை ஏதேன் தோட்டத்தில் வைத்த இறைவன், அதைப் பண்படுத்தவும் காக்கவும் பணித்தார் என்கிறது தொடக்க நூல். 2015ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடல் இவ்விரு சொற்களையும் சேர்த்தே விளக்குகிறது: உழுவது உரிமையென்றால் காப்பது கடமை. விலங்குகளைத் தேவையின்றி வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கே முரணானது என்று திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் கற்பிக்கிறது. விலங்கின் துன்பம் ஒருபுறம் இருக்கட்டும்; வதைக்கப் பழகிய கை வீட்டுக்குள்ளும் அப்படியே நுழைகிறது என்பதைப் பெற்றோர் உணரவேண்டும்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

பிள்ளையின் கையிலிருந்து உண்டிவில்லைப் பிடுங்கினால் மட்டும் போதாது. அக்கைக்கு வேறு வேலை தரவேண்டும். இச்சாரல் காலத்தில் தகப்பனும் மகனும் மகளும் சேர்ந்து செய்யத்தக்க சிலவற்றைக் குறிப்பிடுகிறேன்.

தட்டை: ஒன்றரை முழ நீளமுள்ள மூங்கிலை எடுத்து, கைப்பிடிப் பக்கத்துக் கணுவை விட்டுவிட்டு மேற்பகுதியை இரண்டாகப் பிளவுங்கள். சிம்புகளைச் சீவி வழவழப்பாக்குங்கள். அசைத்தால் வயல் முழுதும் கேட்கும்.

தகரக் கயிறு: பழைய தகர டப்பாக்களில் கூழாங்கற்களை இட்டு, வயலின் குறுக்கே கட்டிய கயிற்றில் தொங்கவிட்டு, அதன் முனையைப் பரணுக்குக் கொண்டுவாருங்கள். இருந்த இடத்திலிருந்தே இழுத்து ஒலி எழுப்பலாம்.

சேலை வேலி: கிழிந்த சேலைகளை வரப்பைச் சுற்றி உயரமாகக் கட்டுங்கள். பன்றியை விலக்க இவ்வழியைப் பல உழவர்கள் கையாள்கின்றனர். ஒரே இடத்தில் நெடுநாள் இருந்தால் விலங்குக்குப் பழகிவிடும், இடையிடையே மாற்றவேண்டும்.

கவண்: பனைநாரையோ கற்றாழை நாரையோ பின்னி, நடுவில் அகன்ற தொட்டில் விட்டு, ஒரு முனையில் விரல் நுழையும் கண்ணியும் மறுமுனையில் முடிச்சும் இடுவது முறை. இது பெரியவர் கைக்கே உரியது. கல்லுக்கு மாறாகக் குளத்துக் களிமண்ணை நெல்லிக்காய் அளவில் உருட்டி வெயிலில் உலர்த்திய உண்டையை இடுங்கள். எறியும் திசையில் ஆள் இல்லை என்பதை உறுதி செய்து, பறவையை நோக்காமல் வெற்று வயலை நோக்கி எறியுங்கள். பறவை எழுந்து பறந்தால் கவணின் வேலை முடிந்தது.

தோள்பை: பழைய கால்சட்டைத் துணியில் அகன்ற வாரோடு ஒரு பை தையுங்கள். அருவிக்குச் செல்லும்போது உணவும் துண்டும் அதில் போகட்டும். திரும்பும்போது நம் குப்பையும் அதிலேயே வரட்டும். அத்தோடு ஒரு சிறு ஏட்டையும் பென்சிலையும் வையுங்கள். உண்டிவில்லுக்குக் குறி பார்த்த கண், கண்ட பறவையின் பெயரை எழுதப் பழகட்டும். ஆண்டிறுதிக்குள் 25 பெயர்களை எழுதும் பிள்ளைக்குக் கிறிஸ்மஸ் அன்று ஒரு பரிசு கொடுங்கள்.

இம்மாதக் குடும்பச் செபத்தின்போது, வீட்டிலுள்ள கருவிகளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றையும் குறித்து இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இது யாரைக் காக்கிறது? நான் அங்கே இல்லாதபோதும் இது யாரையாவது தாக்குமா? இரண்டாவது கேள்விக்கு ஆம் என்று விடை வரும் பொருள், ஒரு கிறிஸ்தவ இல்லத்தின் கூரைக்குள் இருக்கத்தக்கதன்று. தம் கையால் மரத்தை இழைத்து உழைத்து வாழ்ந்த நாசரேத்துத் தச்சரான புனித சூசையப்பர், உங்கள் கைகளுக்குத் துணை நிற்பாராக.

உங்கள் அன்புள்ள,
பங்குத்தந்தை