வைத்தியர் பக்கம்: படிக்கட்டுக்கு விரல்கள் இல்லை



"படியில் சறுக்கி விழுந்துவிட்டேன், டொக்டர்" என்று கையைக் காட்டுவார் ஒரு பெண்மணி. மேற்கையில் நான்கு விரல்களின் தடம் நீலம் பாரித்திருக்கும். படிக்கட்டுக்கு விரல்கள் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருவரும் பேசாதிருப்போம். இத்தகைய மௌனத்தை என் தொழிலில் பலமுறை கண்டிருக்கிறேன்.

"வீட்டு விஷயம்" என்று நாம் மூடிவைப்பது இங்கிலாந்தில் குற்றமாகும். அடித்தவர் கணவர் என்பதற்காகச் சட்டம் சலுகை தருவதில்லை. 1861ஆம் ஆண்டுச் சட்டமே இன்றும் இதற்கு அடிப்படை. உடலுக்குத் தீங்கு விளைவித்த தாக்குதலுக்கு 47ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறை. நீலம் பாரித்த கையும் இதில் அடங்கலாம். எலும்பு முறிவு போன்ற கடுங்காயத்துக்கு 20ஆம் பிரிவிலும் ஐந்து ஆண்டுகளே உச்சம். ஆனால் கடுங்காயம் விளைவிக்க வேண்டும் என்ற எண்ணத்துடனேயே செய்திருந்தால் 18ஆம் பிரிவின்படி ஆயுள் தண்டனையும் கிடைக்கலாம். முறிந்த எலும்பு ஒன்றுதான். அடித்தவரின் மனநிலையே வேறுபாடு.

உடல் என்பது தோலும் எலும்பும் மட்டுமன்று. பேசாமல் தொலைபேசியில் அழைத்து அழைத்து ஒருவரை மனநோய்க்கு ஆளாக்குவதும் உடற்தீங்காகலாம் என்று 1997இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

கழுத்தை நெரிப்பதைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். பல வேளைகளில் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. அதனால் முன்னர் இது பெரும்பாலும் சிறு குற்றமாகவே கருதப்பட்டது. 2022 ஜூன் முதல் இது தனிக் குற்றம். ஐந்து ஆண்டுகள் வரை சிறை. குரல் கம்மினாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். கழுத்து இரத்தக்குழாய் கிழிந்திருந்தால் சில நாள் கழித்தும் பாரிசவாதம் வரக்கூடும்.

நீலம் ஓரிரு வாரத்தில் மறைந்துவிடும். வைத்தியர் எழுதிய குறிப்பு மறையாது. எனவே தாமதியாமல் வாருங்கள், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், எழுதி வைக்கும்படி கேளுங்கள். நீங்கள் சொன்னதை உங்கள் கணவருக்கு நாங்கள் சொல்லமாட்டோம். உயிருக்கோ பிள்ளைகளுக்கோ பேராபத்து இருந்தாலன்றி, பொதுவாக உங்கள் சம்மதமின்றிப் பொலிஸாருக்கும் அறிவிப்பதில்லை. ஆபத்து வேளையில் 999.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். "பொறுத்துப் போ பிள்ளை" என்று சொல்லுமுன், அவளுடைய கையை ஒருமுறை பாருங்கள்.