தங்கராஜ் என்றால் எந்தத் தங்கராஜ்?

இராஜபாளையத்தில் கூடும் நம் இலக்கிய வட்டத்தின் சென்ற அமர்வில் நண்பரொருவர் மாரியோ கொலூனாவைப் பற்றி ஒரு மணி நேரம் உரையாற்றினார். நல்ல உரை, அதில் ஐயமில்லை. 1935இல் மொசாம்பிக்கில் பிறந்து, 1954இல் லிஸ்பனின் பென்ஃபிகா கழகத்துக்கு வந்தவர் கொலூனா. வந்தபோது சென்டர் ஃபார்வர்டு. அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் நிலைபெற்றிருந்ததால், பிரேசில்காரரான பயிற்சியாளர் ஓட்டோ குளோரியா இவரை நடுக்களத்துக்கு இறக்கினார். இறக்கியது ஏற்றமாயிற்று. 1961, 1962 ஆகிய ஈராண்டும் பென்ஃபிகா ஐரோப்பியக் கோப்பையை வென்றது. இரண்டு இறுதி ஆட்டங்களிலும் கொலூனா கோல் அடித்தார். 1966 உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பெற்ற போர்ச்சுகல் அணிக்குத் தலைவரும் அவரே. யூசேபியோவின் ஒளியில் நாம் காணத் தவறிய பன்முக ஆட்டக்காரர் என்று நண்பர் முடித்தபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்த முதுகலை மாணவனொருவன் எழுந்து, "பீட்டர் தங்கராஜைப் பற்றியும் இப்படி யாராவது பேசியிருக்கிறார்களா ஐயா?" என்று கேட்டான். "எந்தத் தங்கராஜ்?" என்றார் நண்பர். அவையும் அதே கேள்வியோடு மாணவனைத் திரும்பிப் பார்த்தது. நாமும் பார்த்தோம். இக்கட்டுரை நம்மையும் சேர்த்தே குற்றஞ்சாட்டுகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

அந்தத் தங்கராஜும் 1935இல் பிறந்தவர்தாம், டிசம்பரில், ஹைதராபாத்தில். செகந்தராபாத்தின் சிறு கழகங்களில் ஆடிப் பழகியபின் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தார். குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கிறதே, அந்த ரெஜிமெண்டல் மையம். அங்கே அவர் ஆடியதும் சென்டர் ஃபார்வர்டாகத்தான். பின்னரே கோல் கம்பங்களுக்கிடையே போய் நின்றார். கோல் அடிக்கப் பிறந்தவனைக் கோல் தடுக்க நிறுத்தினால் என்னவாகும்? 1955இலும் 1958இலும் அந்தப் படையணி டூரண்ட் கோப்பையை வென்றது. 1956 மெல்பர்ன், 1960 ரோம் என இரண்டு ஒலிம்பிக்குகளுக்கான இந்திய அணிகளில் அவர் இருந்தார். மெல்பர்னில் இந்தியா நான்காமிடம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் இன்றுவரை நம் உச்சம் அதுவே. 1960இல் சந்தோஷ் கோப்பையை வென்ற சர்வீசஸ் அணிக்குத் தலைவர் தங்கராஜ். கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று பெருங்கழகங்களுக்கும் ஆடினார். ஒன்றன் அன்பர் மற்றொன்றின் பெயரைக் கேட்டாலே முகஞ்சுளிக்கும் ஊரில் மூவரும் விரும்பி அழைத்த கைகள் அவை. 1967இல் அர்ஜுனா விருது பெற்றார்.

இருவர் வாழ்க்கையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே ஆண்டில் பிறப்பு, ஒரே ஆட்ட நிலையில் தொடக்கம், இருவருக்கும் இடமாற்றம், மாறிய இடத்தில் இருவருக்கும் பெருமை. ஆனால் லிஸ்பன்காரர் நமக்கு உரைப்பொருள். வெலிங்டன்காரர் நமக்கு ஒரு கேள்விக்குறி.

1962ஆம் ஆண்டின் ஜகார்த்தாவை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இஸ்ரேலையும் தைவானையும் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு அனுமதிக்க இந்தோனேசியா மறுத்ததை இந்தியப் பிரதிநிதி சோந்தி கண்டித்தார். அதன் சினம் இந்திய வீரர்கள்மீது திரும்பியது; இந்தியத் தூதரகமே தாக்கப்பட்டது. செப்டம்பர் 4ஆம் நாள் தென்கொரியாவுடன் இறுதி ஆட்டம். முதற்சுற்றில் அதே கொரியாவிடம் இரண்டு கோல் வாங்கித் தோற்ற அணி நம்முடையது. அரங்கில் ஏறத்தாழ இலட்சம் பேர். இந்தியப் பெயரைக் கேட்டாலே கூச்சல். காய்ச்சலால் முந்தைய ஆட்டங்களில் உட்கார்ந்திருந்த தங்கராஜைப் பயிற்சியாளர் ரஹீம் இறுதியில் கோல் காக்க நிறுத்தினார். தலையில் தையலோடிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்களத்துக்கு அனுப்பினார்; அரையிறுதியில் பலித்த உத்தி அது. பி. கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று என முதல் இருபது நிமிடங்களில் இரண்டு கோல்கள். அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கொரியாவால் கோல் காண முடியவில்லை. கடைசி ஐந்து நிமிடம் இருக்கையில்தான் ஒன்று விழுந்தது. இரண்டுக்கு ஒன்று. ஆசியக் கால்பந்தில் இந்தியா அதற்குப் பின் தங்கம் வென்றதில்லை.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்தக் காட்சிக்குப் பெயர் தேடி வெளியே போகவேண்டியதில்லை. மதில் வளைப்பவனுக்கு உழிஞை சூட்டியவர்கள், மதில் காப்பவனுக்கு நொச்சி சூட்டினார்கள். தொல்காப்பியம் காத்தலை உழிஞைக்குள்ளேயே அடக்கிக்கொள்ள, புறப்பொருள் வெண்பாமாலை அதைத் தனித் திணையாக்கியது. காப்பவனின் வீரம் தாக்குபவனின் வீரத்தினின்று வேறுபட்டது என்று கண்டுகொண்ட மரபு நம்முடையது. ஆண்டுதோறும் வகுப்பில் இதை விளக்குகிறோம், தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாகவும் கேட்கிறோம். அவ்வளவோடு சரி.

விளையாட்டு இலக்கிய ஏட்டுக்குரிய பொருளன்று என்று இனி எவரும் சொல்ல முடியாது. கொலூனாவுக்குக் கைதட்டிய கைகள் அந்த வாதத்தை இழந்துவிட்டன. அப்படியே சொன்னாலும், ஆமூர் மல்லனோடு பொருத போரவைக் கோப்பெருநற்கிள்ளியைச் சாத்தந்தையாரும் நக்கண்ணையாரும் பாடிய புறநானூற்றுப் பாடல்களை என்ன செய்வது? ஒரு மற்போரைப் புலவர் இருவர் ஆறு பாட்டில் பாடியிருக்கிறார்கள்.

அவர் ஹைதராபாத்காரர், நமக்கென்ன உரிமை என்பார் சிலர். இந்தத் தடை கொஞ்சம் சுவையானது. கொலூனா மொசாம்பிக்கில் பிறந்தவர், தாய் அந்நாட்டவர். அவரைத் தன்னவர் என்று போர்ச்சுகல் உரிமை கொண்டாடியது பேரரசின் அதிகாரத்தால். மொசாம்பிக் விடுதலை பெற்றபின் அவர் தாய்நாட்டுக்கே திரும்பி அங்குள்ள கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவராகவும் இருந்தார். பிறந்த மண் எது, ஆடிய நாடு எது என்ற சிக்கலை அவர் விஷயத்தில் வரலாற்றின் செழுமை என்று வியக்கிறோம். தங்கராஜ் விஷயத்தில் மட்டும் பிறப்புச் சான்றிதழைக் கேட்கிறோம். பெயரிலேயே தமிழ் இருக்கிறது. நீலகிரியில் ஆடி வளர்ந்திருக்கிறார். இதற்குமேல் என்ன வேண்டும்?

சான்றிதழ் சரியாக இருந்தாலும் நாம் எழுதிவிடுவதில்லை. ரோமுக்குப் போன அதே அணியில் சைமன் சுந்தரராஜ் இருந்தார், தமிழ்நாட்டுக்காரர். 1973இல் கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளரும் அவரே. மலையாளிகள் அவரைச் சொல்கிறார்கள். செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி இந்தப் பக்கம் அந்தப் பெயர் வரவில்லை.

2024இல் ரஹீமைப் பற்றிய 'மைதான்' என்ற இந்திப் படம் வந்தது. தங்கராஜ் அதில் ஒரு பாத்திரம். ஒரு தமிழ்ப்பெயரைத் தமிழ் இளைஞர்களுக்கு இந்திப்படம் அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. இதில் இந்தியின்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. நம் வட்டத்து மாணவனும் அங்கேதான் அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறான். பிறகு விசாரித்தபோது சொன்னான்.

1971இல் ஓய்வு பெற்ற தங்கராஜ், பின்னர் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்தார். 2008 நவம்பர் 24ஆம் நாள் பொகாரோவில் மாரடைப்பால் காலமானார். இரண்டு நாள் கழித்து மும்பைத் தாக்குதல். அதைச் சாக்காகக் காட்ட நமக்கு வழியில்லை. தமிழில் வலைப்பூக்கள் செழித்திருந்த காலம் அது. நாமும் நாள்தோறும் எதையாவது எழுதிக்கொண்டிருந்தோம். பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தோம். அந்த வாரம் நாம் எழுதியது ஒரு லத்தீன் அமெரிக்க நாவலைப் பற்றி.

அடுத்த கூட்டத்தில் தங்கராஜைப் பற்றிப் பேச நாமே பெயர் கொடுத்திருக்கிறோம். நிகழ்ச்சிநிரல் எழுதும் நண்பர் தொலைபேசியில் கேட்டார்: "உங்களுக்குப் பத்து நிமிடம் போதுமல்லவா?"