சந்திரசேகரின் விண்மீனும் குவாண்டம் வியாபாரமும்

கேமரன் மலைத் தமிழரின் புலனக் குழுக்களில் ஒருவகைக் காணொளி ஓயாமல் சுற்றுகிறது. குவாண்டம் இயற்பியல் ஐன்ஸ்டீனை வீழ்த்திவிட்டதாம். ஒளியைவிட விரைவாக எதுவும் போகாது என்ற சார்பியலின் தடை உடைந்துவிட்டதாம். பின்னலில் இருக்கும் இரண்டு துகள்கள் எத்தனை தூரத்தில் இருந்தாலும் கணமும் தாமதியாமல் பேசிக்கொள்கின்றனவாம். ஆகவே தானா ராத்தாவில் உட்கார்ந்து ஒருவர் நினைத்தால், அந்த நினைப்பு கோலாலம்பூர் மருத்துவமனையில் படுத்திருப்பவரை அக்கணமே தொட்டுக் குணப்படுத்துமாம். காணொளியின் முடிவில் வகுப்புக் கட்டணமும் கழுத்தில் அணியும் ‘குவாண்டம்’ பதக்கத்தின் விலையும் வருகின்றன. கொழுந்து பறித்தும் காய்கறி ஏற்றியும் சேர்த்த பணம் இதற்குப் போகிறது. பேசுகிறவர்களை விடுங்கள், அவர்களுக்கு இது பிழைப்பு. படித்தவர்களும் ‘அறிவியலே சொல்லிவிட்டது’ என்று தலையாட்டுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. அறிவியல் இதைச் சொல்லவே இல்லை. இதற்கு நேர்மாறானதைச் சொன்னது, அதிலும் ஒரு தமிழர் வாயிலாகச் சொன்னது.

1930 ஜூலை 31 அன்று சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் பம்பாயில் கப்பல் ஏறினார். வயது 19. எரிபொருள் தீர்ந்த விண்மீன் ஏன் தன் எடையாலேயே நசுங்கிவிடுவதில்லை என்பது அன்றைய கேள்வி. ரால்ஃப் ஃபவுலர் 1926-இல் குவாண்டம் விதியைக் கொண்டு பதில் சொல்லியிருந்தார்: ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது, நெருக்க நெருக்க அவை விரைந்தோடி எதிர்த்து அழுத்தும், அந்த அழுத்தம் விண்மீனைத் தாங்கி வெண்குறுமீனாக நிறுத்தும். அந்தக் கணக்கின்படி எவ்வளவு கனமான விண்மீனும் கடைசியில் அமைதியாகக் குளிர்ந்துபோகலாம். கப்பலில் இருந்த இளைஞர் கேட்டது ஒன்றே ஒன்று. இவ்வளவு விரையும் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்குமே, அப்போது சார்பியல் குறுக்கே வராதா? வந்தது. எலக்ட்ரானால் அந்த வேகத்தைத் தாண்ட முடியாது என்பதால் அழுத்தம் தேவையான அளவுக்கு ஏறவில்லை. சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு நிறைக்கு மேல் எந்த வெண்குறுமீனும் நிற்காது என்பதுதான் இன்று சந்திரசேகர் எல்லை என்று உலகம் அழைப்பது. குவாண்டம் விதி மட்டும் இருந்தால் இந்த எல்லை இல்லை. சார்பியல் மட்டும் இருந்தால் தாங்கும் அழுத்தமே இல்லை. இரண்டும் ஒரே எலக்ட்ரானின் மேல் ஒரே சமயத்தில் செல்லுபடியாவதால்தான் 1.4 என்ற எண் பிறக்கிறது. ஒளியின் தடையைக் குவாண்டம் உடைத்துவிட்டது என்று பேசுகிறவர் இந்த எண்ணைத்தான் மறுக்கிறார்.

குவாண்டமும் சார்பியலும் ஒத்துப்போகாது என்பது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பல்ல. இன்றைய காணொளிக்காரர்களைவிட ஆயிரம் மடங்கு கற்ற ஒருவர் அதைச் சொல்லித் தோற்றுவிட்டார். 1919 கிரகணத்தின்போது ஐன்ஸ்டீனின் கோட்பாட்டைச் சோதித்து நிலைநாட்டிய ஆர்தர் எடிங்டன்தான் அவர். 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் அரச வானியல் கழகத்தின் கூட்டத்தில் சந்திரசேகர் பேசி முடித்ததும் எழுந்து, குவாண்டத்தையும் சார்பியலையும் இப்படிச் சேர்ப்பதே முறைகேடு என்று எள்ளி நகையாடினார். கூட்டம் சிரித்தது. சந்திரசேகர் பக்கமே நியாயம் என்று நீல்ஸ் போர், பவுலி போன்ற இயற்பியலாளர்கள் தனிமையில் ஒப்புக்கொண்டும் அன்று வெளிப்படையாக எழுதவில்லை. டிராக், பையர்ல்ஸ், பிரைஸ் மூவரும் 1942-இல் கட்டுரை வெளியிட்டு எடிங்டனின் வாதம் தவறென்று காட்டினார்கள். 1983-இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது. நம் பிள்ளைகளுக்குப் புதிர்ப்போட்டிக்காக அந்த ஆண்டை மனப்பாடம் செய்விக்கிறோம். பரிசு எதற்கு என்று சொல்லித்தருவதில்லை. பெயரை மட்டும் பெருமையாக வைத்துக்கொண்டு, அவர் போராடி நிறுவியதற்கு எதிரானதைக் கைதட்டி வரவேற்கும் சமூகமாகிவிட்டோம். எனக்கு மிக வருத்தம் தருவது இதுதான்.

2022 நோபல் பரிசே ஐன்ஸ்டீன் தவறு என்று காட்டிவிட்டதே என்பார்கள். பின்னிய துகள்களைச் சோதித்ததற்காக அஸ்பே, கிளவுசர், சைலிங்கர் மூவருக்கும் பரிசு வந்தது உண்மை. ஆனால் தோற்றது 1905-இன் சார்பியல் அல்ல. துகள்கள் தம் விடைகளை முன்கூட்டியே தமக்குள் சுமந்து செல்கின்றன என்று 1935-இல் ஐன்ஸ்டீன் வைத்திருந்த எதிர்பார்ப்புதான் தோற்றது. சோதனையில் நடப்பதைப் பாருங்கள். 2015-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1,280 மீட்டர் இடைவெளியில் இரண்டு வைரத் துண்டுகளில் இருந்த எலக்ட்ரான்களைப் பின்னி அளந்தார்கள். இங்கே ஒரு பட்டியல், அங்கே ஒரு பட்டியல். தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் பூவா தலையா போட்டதுபோன்ற குருட்டு வரிசை, அதில் ஒரு செய்தியும் இல்லை. இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டால்தான் உறவு தெரிகிறது. அப்படிக் கொண்டுவர ஒளியின் வேகத்துக்கு உட்பட்ட சாதாரண வழியே உண்டு. இங்கே என்ன அளந்தாலும் அங்கே கிடைக்கும் விடைகளின் விகிதம் மாறாது என்பது குவாண்டம் கணிதமே தரும் தேற்றம். துகள்களைக் கொண்டே ஓர் எழுத்தைக்கூட உடனடியாக அனுப்ப வழியில்லாதபோது, அவற்றின் பெயரைச் சொல்லி நோய் தீர்க்கும் நினைப்பை எப்படி அனுப்புகிறார்கள்?

குவாண்டம் கணிதத்தின் பொருள் என்ன என்பதில் அறிஞர்களே பிரிந்து கிடக்கிறார்களே என்று அடுத்துக் கேட்பார்கள். பிரிந்துதான் கிடக்கிறார்கள், அது மதிக்கத்தக்க சர்ச்சை. 1952-இல் டேவிட் போம் வைத்த விளக்கத்தில் தொலைவிலுள்ள துகள்களை இணைக்கும் மறைவான ஒரு பொது நேரம் வேண்டியிருக்கிறது. சார்பியலோடு அது உரசுகிறது, அதை அவர் வழி நிற்போர் மறைப்பதில்லை. 1957-இல் எவரெட் வைத்த பல உலக விளக்கத்தில், துகள்களின் நிலையைக் குறிக்கும் அலைச்சார்பு குலைவதே இல்லை, எனவே உடனடித் தாக்கமும் தேவைப்படுவதில்லை. 1986-இல் கிரார்டி, ரிமினி, வெபர் மூவரும் அலைச்சார்பு தானாகவே குலைகிறது என்றார்கள். 2006-இல் துமுல்கா அந்த எண்ணத்தைச் சார்பியலுக்குப் பொருந்தும்படி எழுதிக் காட்டினார். இவர்களில் ஒருவர்கூட ஒளியை முந்திச் செய்தி அனுப்பலாம் என்று சொல்லவில்லை. யார் விளக்கத்தை எடுத்தாலும் டெல்ஃப்ட் பட்டியல் தனியாகக் குருட்டு வரிசைதான், வெண்குறுமீனின் எல்லையும் 1.4 மடங்குதான். ஈர்ப்பு விசையையும் குவாண்டத்தையும் இணைக்கும் முழுக் கோட்பாடு இன்னும் கைகூடவில்லை என்பதும் உண்மையே. தீராத கேள்வி ஒன்று இருப்பதால் தீர்ந்த கணக்குகள் பொய்யாகிவிடா.

குவாண்டமும் சார்பியலும் ஒத்துப்போவதற்குக் காணொளி பார்க்கும் கைப்பேசியே சாட்சி. தாப்பாவிலிருந்து வளைந்தேறும் சாலையில் லாரிக்கு வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் அணுக்கடிகாரங்களைச் சுமக்கின்றன. அக்கடிகாரங்கள் ஓடுவது அணுவின் குவாண்டம் தாவலால். சார்பியலின்படி அவை தரையிலுள்ள கடிகாரங்களைவிட நாளுக்குச் சுமார் 38 மைக்ரோநொடி முந்துகின்றன. அதைத் திருத்தாவிட்டால் காட்டும் இடம் நாளுக்குக் கிலோமீட்டர் கணக்கில் பிசகும். சுமார் 1,440 மீட்டர் உயரமுள்ள தானா ராத்தாவில் ஓர் அணுக்கடிகாரத்தை வைத்தால், கடல்மட்டத்தில் இருப்பதைவிட நாளுக்குச் சுமார் 13 நானோநொடி விரைவாக ஓடும். கடிகாரம் குவாண்டத்தால் துடிக்கிறது, சார்பியலால் முந்துகிறது. இவை பகையாளிகள் என்று யார் சொன்னது?

பதக்கங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எதிர்மின் அயனி, குவாண்டம் ஆற்றல் என்று விற்கப்படும் பலவற்றில் தோரியம் என்னும் கதிரியக்கத் தனிமம் கலந்த தாதுப்பொடி இருக்கிறது. 5ஜி அலைகளிலிருந்து காக்கும் என்று விற்கப்பட்ட 10 பொருள்களில் கதிரியக்கம் இருப்பதைக் கண்டு, 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் அவற்றை அணியவேண்டாம் என்று எச்சரித்தது. கெபெங்கில் லைனஸ் அருமண் ஆலைக் கழிவின் தோரியத்துக்கு அஞ்சி மக்கள் தெருவில் இறங்கிய பகாங் மாநிலம் இது. இங்கே அதையே காசு கொடுத்துக் குழந்தையின் கழுத்தில் கட்டுவது கொடுமை. ஜெனீவாவின் சேர்ன் ஆய்வகத்தில் நடராசர் சிலை நிற்பதையும் இவர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அது 2004-இல் இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு, ஆய்வின் முடிவல்ல. தில்லைக்கு ஜெனீவாவின் சான்றிதழ் எதற்கு? கடவுளை நம்புகிறவர் நம்பட்டும், அந்த நம்பிக்கையை இயற்பியலின் பெயரால் விற்பது பக்திக்கும் இழுக்கு.

கோவில் மண்டபத்தையும் பள்ளி மேடையையும் இவர்களுக்குத் திறந்துவிடும் நிர்வாகத்தினரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் ஒன்று செய்ய வேண்டும். ஐந்தாம் படிவ இயற்பியலிலேயே குவாண்டம் இயற்பியல் பாடமாக இருக்கிறது, அதைப் படித்த பிள்ளைகள் உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறார்கள். அடுத்த பேச்சாளர் மேடை ஏறும்முன் அவர்களில் ஒருவரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்: ஒளியின் தடை உடைந்துவிட்டதென்றால் சந்திரசேகர் எல்லை எங்கிருந்து வந்தது? பதில் சொல்லத் தெரியாதவரிடம் ஒலிவாங்கியைக் கொடுக்காதீர்கள்.