டிரங்குப் பெட்டிக்குப் பிரிவு கிடையாது

கண்டியிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் பழைய சாமான் சேர்க்கிறவர்களிடையே கொஞ்ச நாளாக ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. "எல்லாரும் ஒண்ணாக் கூடிப் பேசி என்னத்தக் கண்டோம்? பிரிச்சிருவோம்" என்கிறார்கள். முத்திரைக்கு ஒரு குழு, நாணயத்துக்கு ஒரு குழு, பழைய புத்தகம் பத்திரிகைக்கு ஒன்று, போட்டோவுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிக் கூட்டம், தனிப் பட்டியல், தனி அலுமாரி. கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் நாங்கள் இதை எதிர்க்கிறோம். கோபம் வருகிறவர்கள் முழுசா வாசிச்சிட்டுக் கோபப்படட்டும்.

முதலில் அவர்கள் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுவோம். முத்திரை சேர்க்கிறவருக்கு ஓரத்துப் பற்களை எண்ணத் தெரிய வேண்டும். 2 சென்டிமீட்டருக்கு எத்தனை பல் என்ற கணக்கில், ஒரே படம் போட்ட இரண்டு முத்திரைகள் வேறு வேறாகிவிடும். நாணயக்காரருக்கு வேறு பாடம். பித்தளைச் செம்பைப் புளி போட்டு விளக்குகிற மாதிரி பழைய நாணயத்தை விளக்கினால் மேற்பரப்பு போய்விடும், அதோடு அதன் மதிப்பும் போச்சு. கடதாசிக்கு இன்னொரு பாடம். பிறப்புச் சான்றிதழை லேமினேட் பண்ணி வைப்பதுதான் பத்திரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு தாளுக்குச் சேதமில்லாமல் கழற்றுவது பெரும்பாடு. இதையெல்லாம் தெரிந்தவர்கள் தனியாக உட்கார்ந்து பேசினால்தான் ஆழமாகப் போகலாம் என்கிறார்கள். சரிதான். படிப்பதற்குத் தனியாக உட்காருங்கள், நாங்களும் வந்து கேட்கிறோம். ஆனால் படிப்பைப் பிரிப்பது வேறு, சாமானைப் பிரிப்பது வேறு. இவர்கள் முதலாவதைச் சொல்லி இரண்டாவதைச் செய்யப் பார்க்கிறார்கள்.

ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்தபோது, ஒவ்வொருவருக்கும் ஒரு சிறிய தகர வில்லை கொடுத்தார்கள். அதில் மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வர வேண்டும். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும், பிறகு அது தொழிலாளியின் கடனாகும். இந்தத் தகர வில்லை உங்கள் எந்தக் குழுவுக்குப் போகும்? வட்டமாக இருக்கிறது, ஆனால் காசு இல்லை. எழுத்து இருக்கிறது, ஆனால் கடதாசி இல்லை. முத்திரை குத்தியிருக்கிறது, ஆனால் தபாலுக்குப் போட்டது மனுசனை! நான்கு குழுக்காரரும் "இது நம்ம பிரிவு இல்ல" என்று அடுத்தவர் பக்கம் தள்ளுவார்கள். கடைசியில் அது பழைய இரும்புக்காரரின் சாக்குக்குள் போகும்.

துண்டு என்ற கடதாசியும் அப்படித்தான். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், இவருக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கிற சீட்டு அது. 1921 இல் அந்த முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஒரு துண்டு கையில் கிடைத்தால், புத்தகக் குழு அதைப் புத்தகம் இல்லை என்று சொல்லும். செக்ரோல் கிழிசல், கங்காணி கணக்குக் கொப்பி, ஈபிஎஃப் கடதாசி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பட்டியலில் பெயரும் சந்தையில் விலையும் உள்ள சாமானுக்குத்தான் குழு அமையும். நம்ம சாமானில் பெரும்பங்குக்கு இரண்டுமே இல்லை.

அடுத்தது கடித உறை. 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று நம்மைப் பங்கு போட்டார்கள். இன்னொரு 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று விட்டார்கள். 1974 இல் அதையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அப்படிப் போனவர்களில் பலர் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அங்கிருந்து புசல்லாவைக்கோ தெல்தோட்டைக்கோ ஒரு கடிதம் வந்திருந்தால், அந்த உறையில் ஒட்டியிருப்பது சாதாரண இந்திய முத்திரை. லட்சக்கணக்கில் அச்சடித்தது, விலை ஒன்றுமில்லை. முத்திரைக் குழு அதை என்ன செய்யும்? தண்ணீரில் ஊறப்போட்டு முத்திரையைக் கழற்றி "வெளிநாடு" என்ற பக்கத்தில் ஒட்டும். உறை குப்பைக்குப் போகும். தபால் குறியில் இருந்த ஊரும் தேதியும் பாதி முத்திரையோடு, பாதி உறையோடு பிரியும். உள்ளே இருந்த கடிதத்தில் அக்கா தங்கச்சிக்கு என்ன எழுதினாள் என்பது யாருடைய பிரிவும் இல்லை. ஒரு குடும்பத்தை இரண்டு அரசாங்கம் சேர்ந்து பிரித்தது. மிச்சமிருந்த ஒரு உறையை நாமே பிரிக்க வேண்டுமா?

பிரித்து வைத்தால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமானால் அதிக தூரம் போக வேண்டாம். ஹந்தானையில் பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டிடத்தில் தேயிலை அருங்காட்சியகம் 2001 இலிருந்து இருக்கிறது. கொழுந்து அரைக்கிற பெரிய பெரிய இயந்திரங்கள், ஜேம்ஸ் டெய்லர் நினைவுப் பொருட்கள் எல்லாம் பார்க்கலாம். கம்பளைக்குப் பக்கத்தில் பாரதெக்கவில், ஓல்ட் பீகொக் தோட்டத்தில், தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007 இலிருந்து இருக்கிறது. தொழிலாளர் வாழ்க்கையின் பொருட்களும் ஆவணங்களும் அங்கே இருக்கின்றன. இரண்டும் தேவையான இடங்கள்தான், இரண்டுக்கும் கட்டாயம் போய்ப் பாருங்கள். ஆனால் இயந்திரம் ஒரு மலையிலும் அதற்குக் கொழுந்து சுமந்த ஆள் இன்னொரு மலையிலும் இருந்தால், ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவருக்குத் தேயிலை தானாகவே விளைந்து தானாகவே அரைபட்ட மாதிரித்தான் தெரியும். டெய்லர் 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்த 19 ஏக்கரில் குழி வெட்டியது யார் யார் என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? பொருளை மட்டும் வைத்துக்கொண்டு ஆளை விட்டால் கதை அப்படித்தான் முடியும்.

இன்னொரு விசயமும் இருக்கிறது. நம்ம வீடுகளில் சேகரிப்பு பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம்மில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருசம் வந்த இந்தியர் பாகிஸ்தானியர் வதிவிடச் சட்டத்தின்படி, குடும்பக்காரர் என்றால் 1946 தொடக்கத்துக்கு முன் 7 வருசம், தனி ஆள் என்றால் 10 வருசம் இங்கே தொடர்ந்து இருந்ததை நிரூபிக்க வேண்டும். எதைக் காட்டி நிரூபிப்பது? கடதாசியைக் காட்டித்தான். அதனால்தான் நம்ம பாட்டன் பாட்டிகள் ஒன்றையும் வீசாமல் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்தார்கள். பிறப்புத் துண்டு, கல்யாணப் போட்டோ, சங்கச் சந்தாப் புத்தகம், இந்தியாவிலிருந்து வந்த கடிதம், செல்லாத காசு, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் ஒரே பெட்டியில். அந்தப் பெட்டிக்குள் பிரிவு கிடையாது. ஒரு காசு எந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் இருந்தது என்பதே ஒரு சாட்சி. காசை நாணயக் குழுவுக்கும் கடிதத்தைக் கடதாசிக் குழுவுக்கும் கொடுத்தால் இரண்டும் பிழைக்கும், சாட்சி செத்துப்போகும்.

இது நம்முடைய உணர்ச்சிப் பேச்சு மட்டுமில்லை. ஆவணக்காப்பகங்கள் பட்டுத் தெளிந்த பாடம். பிரான்சில் ஒரு காலத்தில் பழைய ஆவணங்களை விசய வாரியாகக் கலைத்து அடுக்கினார்கள். எது எங்கேயிருந்து வந்தது என்பதே குழம்பிப்போனது. 1841 இல் அங்கே ஒரு சுற்றறிக்கை போட்டார்கள்: ஒரு நிறுவனத்திலிருந்தோ, ஒரு குடும்பத்திலிருந்தோ, ஓர் ஆளிடமிருந்தோ வந்தவை ஒன்றாகவே இருக்க வேண்டும், மற்றதோடு கலக்கக் கூடாது. உலகத்தின் பெரிய காப்பகங்கள் இன்று அந்த வழியில்தான் நடக்கின்றன. நாம் 2 நூற்றாண்டு பின்னால் போக வேண்டிய அவசியம் என்ன?

"அப்போ ஒழுங்கே வேணாமா?" என்று கேட்பார்கள். வேண்டும். எங்கள் யோசனை சுலபம். ஒரு வீட்டிலிருந்து வந்ததெல்லாம் ஒரு பெட்டி, அதற்கு ஓர் எண். உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் அந்த எண்ணோடு சேர்த்து இன்னோர் எண். ஏழாவது பெட்டியின் மூன்றாவது பொருள் என்றால் 7/3. யார் கொடுத்தது, எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த வருசம், கொடுத்தவர் என்ன சொன்னார் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிறகு பட்டியலை எத்தனை விதமாக வேண்டுமானாலும் போடலாம். முத்திரைக்காரருக்கு முத்திரைப் பட்டியல், போட்டோக்காரருக்குப் போட்டோப் பட்டியல். பட்டியலைப் பிரிப்பதால் ஒன்றும் உடையாது. நெகட்டிவ் மாதிரிச் சிலதைப் பாதுகாப்புக்காகத் தனியாக வைக்க வேண்டி வந்தாலும், 7/3 என்ற எண் அதைத் தன் வீட்டோடு கட்டிப்போடும்.

கடைசியாக, பிரிந்தால் யார் வெளியே நிற்பார்கள் என்பதையும் யோசியுங்கள். முத்திரைக் குழுவுக்கு இங்கிலீசில் உள்ள விலைப்பட்டியலும் பூதக்கண்ணாடியும் வேண்டும். நாணயக் குழுவுக்கு வாங்கிச் சேர்க்கப் பணம் வேண்டும். கலஹாவிலிருந்து தாத்தாவின் சந்தாப் புத்தகத்தை மட்டும் கொண்டுவருகிற ஒரு தங்கச்சி எந்தக் கதவைத் தட்டுவாள்? இப்போதைய கூட்டத்தில் அவளுக்கு ஒரு கதிரை இருக்கிறது. அவள் கொண்டுவந்ததைப் பார்த்து முத்திரைக்கார அண்ணன், "இதுல ஒட்டியிருக்கிற வருமான முத்திரையை வச்சுக் காலத்தச் சொல்லலாம்மா" என்று சொல்ல முடிகிறது. பிரிந்துவிட்டால் அந்த அண்ணனும் அந்தத் தங்கச்சியும் ஒருவரையொருவர் பார்க்கவே மாட்டார்கள்.

லயங்கள் இடிபட்டு வீடுகள் வருகின்றன. வரட்டும், வர வேண்டும். வீடு மாறுகிற அன்றுதான் பெட்டிகளும் காணாமல் போகின்றன. பழைய பேப்பர்க்காரர் கிலோக் கணக்கில் எடுக்கிறார், அவரிடமும் பிரிவு இல்லை. ஆகவே பிரிவு பற்றி வாக்கெடுப்பு வைக்கிறவர்கள் அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் ஒரு பெட்டியைத் திறந்து, எதையும் இடம் மாற்றாமல், மேலிருந்து கீழே இருக்கிற வரிசையில் எழுதிக்கொண்டு வாங்க. அந்தப் பட்டியலை நடுவில் வைத்துக்கொண்டு பேசுவோம், எதை எங்கே வெட்டுவது என்று.