பர்ஸை யார்கிட்ட குடுக்குறீங்க?

சங்கரன்கோவில் ஆடித்தபசு அன்னிக்கு ரத வீதியில கால் வைக்க இடம் இருக்காது. பிக்பாக்கெட்டுக்குப் பயந்து, பக்கத்துல நிற்கிற முன்பின் தெரியாத ஆள்கிட்ட 'இதைக் கொஞ்சம் வெச்சிருங்கண்ணே'ன்னு பர்ஸைக் குடுப்பீங்களா? ஆனா, ஏதோ ஒரு இலவச வி.பி.என். ஆப்பை டவுன்லோடு பண்றப்ப நாம செய்றது அதைத்தான்!

வி.பி.என். ஆன் பண்ணினா, ஹாஸ்டல் வைஃபை வெச்சிருக்கிறவருக்கோ, நெட் கனெக்‌ஷன் தர்ற கம்பெனிக்கோ நீங்க எந்த சைட்டுக்குப் போறீங்கன்னு தெரியாது. கரெக்ட். ஆனா, வி.பி.என். கம்பெனிக்குத் தெரியும். ரகசியம் மறையலை பாஸ்... கை மாறுது, அவ்வளவுதான்!

அப்போ யாரை நம்பறது? விளம்பரத்தை விடுங்க. சோதனைன்னு வந்தப்போ என்ன ஆச்சுன்னு பாருங்க.

'எந்தப் பதிவும் வெச்சுக்க மாட்டோம்'னு சத்தியம் பண்ணின யு.எஃப்.ஓ. வி.பி.என்.னோட டேட்டாபேஸ், 2020-ல் பூட்டே இல்லாம நெட்ல திறந்து கிடந்துச்சு. உள்ளே யூஸர்களோட பாஸ்வேர்டு, ஐ.பி. அட்ரஸ் எல்லாம்! 2013-ல் ஃபேஸ்புக் வாங்கின ஒனாவோ, 'உங்களைப் பாதுகாக்கிறோம்'னு சொல்லிக்கிட்டே மக்கள் எந்தெந்த ஆப் யூஸ் பண்றாங்கன்னு கணக்கெடுத்துச்சு.

நல்ல உதாரணமும் இருக்கு. 2023 ஏப்ரல்ல ஸ்வீடன் போலீஸ் முல்வாட் கம்பெனி ஆபீஸுக்கு வாரன்ட்டோட போனாங்க. வாடிக்கையாளர் விவரமே சேர்த்து வைக்காததால வெறுங்கையோட திரும்பினாங்க.

நம்ம நாட்டு விஷயம்? 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, வி.பி.என். கம்பெனிகள் வாடிக்கையாளரோட பெயர், முகவரி, போன் நம்பர், ஐ.பி. எல்லாத்தையும் 5 வருஷம் வெச்சிருக்கணும். எக்ஸ்பிரஸ், சர்ஃப்ஷார்க், நார்டு கம்பெனிகள் இந்தியாவில இருந்த சர்வர்களையே எடுத்துட்டாங்க.

அதனால இந்த நாலையும் செக் பண்ணுங்க:

1. கம்பெனி யாரோடது, எந்த நாடு? தெரியலைன்னா வேண்டாம்.

2. 'பதிவு இல்லை'ங்கிறதை வெளி ஆடிட்டர் யாராவது சோதிச்சு அறிக்கை விட்டிருக்காங்களா?

3. கில் ஸ்விட்ச் இருக்கா? வி.பி.என். திடீர்னு கட் ஆனா, நெட்டையும் சேர்த்து நிறுத்துற வசதி இது.

4. இலவசம்னா, காசு எங்கிருந்து வருது? அதுக்குப் பதில் இல்லைன்னா, விக்கிற சரக்கு நீங்கதான்!

டோரன்ட் பார்ட்டிகளுக்கு மூணாவது பாயின்ட் ரொம்ப முக்கியம். டோரன்ட்ல ஒரு ஃபைலை உங்களோட பகிர்ந்துக்கிற எல்லாருக்கும் உங்க ஐ.பி. தெரியும். வி.பி.என். ஒரு நிமிஷம் கட் ஆனாலும் வேஷம் கலைஞ்சிடும். லினக்ஸ் மாதிரி இலவச சாஃப்ட்வேரை டோரன்ட்ல இறக்குறதுல தப்பே இல்லை. ஆனா, திருட்டுப் படம்னா வி.பி.என். போட்டாலும் அது திருட்டுதான். காப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவு 6 மாசத்துல இருந்து 3 வருஷம் வரை ஜெயில், 50,000-லிருந்து 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்னு சொல்லுது.

இன்னிக்கே உங்க மொபைலை எடுங்க. உள்ளே இருக்கிற வி.பி.என். ஆப்புக்கு இந்த நாலு கேள்விப் பேப்பரைக் குடுங்க. ஃபெயிலா? யோசிக்காம அன்இன்ஸ்டால்!

அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!