பி.ஏ.வுக்கு மூச்சுப் பயிற்சியாம்!

போன மாசம் எங்க கம்பெனியில (கடலூர் சிப்காட்னு மட்டும் வெச்சுக்குங்க, பேர் வேண்டாம்) எக்ஸிக்யூட்டிவ் அசிஸ்டென்ட்களுக்கு ஒருநாள் வகுப்பு. தலைப்பு 'வளர்ச்சியும் நலமும்'. சென்னையிலேர்ந்து வந்த பயிற்சியாளர் கண்ணை மூடி மூச்சை இழுக்கச் சொன்னார். இழுத்தோம். ஹால் புக் பண்ணினது, அவருக்குக் கார் அனுப்பினது, சாப்பாட்டுக்குத் தலை எண்ணினது எல்லாம் நான்தான் :-)

மூச்சு மேல எனக்குக் கோபம் இல்லீங்க. மத்தியானம் அவர் சொன்னார் பாருங்க, "நீங்க இல்லாம உங்க பாஸுக்கு ஒருநாள்கூட ஓடக்கூடாது, அதுதான் உங்க வளர்ச்சி"ன்னு. அங்கதான் பத்திக்கிட்டு வந்துச்சு.

நான் சிதம்பரத்துல இன்ஸ்டிடியூட் மாடிப்படி ஏறி ஏறி, டைப்ரைட்டிங் தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் ஹையர் முடிச்சவ. சுருக்கெழுத்து சீனியர், நிமிஷத்துக்கு 120 வார்த்தை. (எழுதிப் பார்த்தவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.) ஸ்டெனோன்னு சேர்ந்தேன், பி.ஏ. ஆக்கினாங்க, இப்போ இ.ஏ. பேர்தான் மாறுது, நாற்காலி அதே நாற்காலி. ஒருதடவை கொள்முதல் பிரிவுல இடம் காலின்னு போய்க் கேட்டேன். "நீ போயிட்டா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரிம்மா"ன்னார் எம்.டி. எவ்வளவு பெருமையா வீட்டுல வந்து சொன்னேன் தெரியுமா? அம்மா அரிசி களைஞ்சுக்கிட்டே கேட்டாங்க, "அப்போ அந்த வேலை உனக்கு இல்ல, அப்படித்தானே?"

நாம இல்லாம ஓடாதுன்னா நம்மளை எவன் மேல அனுப்புவான்?

இந்த வேலையில மேல போறதுக்கு வழியே இல்லைங்கறது சும்மா. மத்திய அரசு செயலகத்துல, 80 வார்த்தை வேகத்துல கிரேடு டி ஸ்டெனோவா சேர்றவங்களுக்கு பர்சனல் அசிஸ்டென்ட், பிரைவேட் செகரட்டரி, பிரின்சிபல் பிரைவேட் செகரட்டரின்னு படி போட்டு வெச்சிருக்காங்க. ஏற வருஷக்கணக்கா ஆகும், ஒத்துக்கறேன். ஆனா படி காகிதத்துல இருக்கே! எங்களுக்கு பாஸ் மாறினா மறுபடி முதல்லேர்ந்து.

அடுத்தது நேரம். 1948 தொழிற்சாலைச் சட்டத்துல 64-வது பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு. மேலாளர்களோட சேர்த்து, 'ரகசியப் பொறுப்புல' இருக்கறவங்க யார் யாருன்னு மாநில அரசு விதி போடலாம். அந்தப் பட்டியல்ல வந்துட்டா வேலைநேர வரம்பு கிடையாது, சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினா ஓவர்டைமும் கிடையாது. மேலாளருக்காவது மேலாளர் சம்பளம். கடிதம் டைப் அடிக்கறவளுக்கு ரகசியம் மட்டும்! அந்தச் சட்டத்துக்குப் பதிலா 2025 நவம்பர்ல புதுத் தொகுப்பு வந்தாச்சு. கம்பெனிக்காரங்க மனசுல பழைய 64 பத்திரமா இருக்கு.

ராத்திரி பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது போன் வரும். "நாளைக்கு ஃபிளைட் எத்தனை மணிக்கும்மா?" டிக்கெட் அவர் மெயில்லயே இருக்கு. பிரான்ஸ்ல வேலைநேரம் முடிஞ்சா போன், மெயிலை விட்டு விலகியிருக்கற உரிமையை 2017-லேயே சட்டப்படி அமலுக்குக் கொண்டுவந்துட்டாங்க. இங்க நமக்கு மூச்சுப் பயிற்சி.

வகுப்பு முடிவுல கருத்துப் படிவம் குடுத்தாங்க. மூணு எழுதினேன். எங்க பதவிக்கும் படி வேணும், எழுத்துல. வேற பிரிவுக்கு விண்ணப்பிக்க பாஸோட கையெழுத்து தேவைப்படக் கூடாது. ராத்திரி எட்டு மணிக்கு மேல போனை யார் எடுக்கறதுன்னு முறை வைக்கணும், எடுத்தா காசு தரணும்.

படிவங்களை எல்லாம் தொகுத்து டைப் அடிச்சு எம்.டி மேஜையில வெக்கற வேலையும் எனக்குத்தான் வந்துச்சு. என்னோடதை முதல் பக்கமா வெச்சேன்.